சொல்லாமல் போன சனிக்கிழமை

அன்னூரில் டியூஷன் முடிந்ததும் இனியாவும் சண்முகப்ரியாவும் சாமுவேலும் பஸ் வரும்வரை காளான் கடையில் நிற்பார்கள். ஒரு தட்டு, மூன்று ஸ்பூன். ஆறாம் வகுப்பிலிருந்து மூவரும் ஒன்றாகத்தான் திரிந்தார்கள். பிளஸ் டூ வந்தபோது இனியாவுக்கும் சாமுவேலுக்கும் நடுவே வேறொன்று முளைத்திருந்தது. அதை ப்ரியாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இனியா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இனியா, ப்ரியா வீட்டுக்குப் படிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு சாமுவேலுடன் உக்கடம் குளக்கரைக்குப் போனாள். நடந்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்தான். அவன் கை வேர்த்திருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். அதற்குள் அம்மா புவனா எதற்கோ ப்ரியாவுக்குப் போன் செய்திருந்தாள். இனியா இங்கே வரவில்லை என்று ப்ரியா சொன்னாள். யாரோடு போயிருப்பாள் என்று கேட்டதற்கும் தான் ஊகித்த பெயரைச் சொன்னாள்.

வீட்டில் யாரும் அடிக்கவில்லை. அம்மா அவளுடைய போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். "சாப்புடு கண்ணு" என்றாள். மறுநாள் அப்பா நஞ்சுண்டன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு சாமுவேலின் வீட்டுக்குப் போனார்.

சாமுவேலின் அப்பா மில்லில் எலக்ட்ரீஷியன். அப்போதுதான் சர்ச்சிலிருந்து திரும்பி வாசலில் நின்றிருந்தார். அவருடைய அப்பன் நஞ்சுண்டனின் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். அந்த வீட்டு ஆட்கள் யாரையும் தன் அப்பா மரியாதை வைத்துப் பேசி இனியா கேட்டதில்லை. அன்று பேசினார்.

"ஏனுங்க, பையன் நல்லாப் படிக்கிறானாமுங்க. வேற ஊர்ல இருந்து படிச்சா இன்னும் நல்லா இருப்பானுங்க."

சாமுவேலின் அப்பா காருக்குள் இருந்த இனியாவைப் பார்த்தார். பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரிங்க."

அந்த வாரமே சாமுவேலைத் திருப்பூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பரீட்சைக்கு மட்டும் வருவான் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள்.

இனியா சாப்பிட்டாள், தூங்கினாள், படித்தாள். ரிவிஷன் டெஸ்டில் மார்க்கும் கூடியது. ஒருநாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழப் பார்த்தாள். வாளி நிரம்பி வழிந்ததே தவிர அழுகை வரவில்லை. பள்ளியில் ப்ரியாவின் பக்கத்தில்தான் இடம் என்பதால் அங்கேயே உட்கார்ந்தாள். மதியம் அவள் நீட்டிய பொரியலையும் எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி கடைசியில்தான் ப்ரியா வாயைத் திறந்தாள்.

"உங்கம்மா கேட்டப்ப, அவ இங்கதான் இருக்கான்னு சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தோணல. நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமுல்ல?"

"ஆமா" என்றாள் இனியா.

கோபமா என்று ப்ரியா கேட்டாள். இல்லை என்றாள். அது பொய்யில்லை. உள்ளே தேடிப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது சாமுவேல் பள்ளி கேட் அருகே தனியாக நின்றான். ப்ரியா இனியாவின் தோளைத் தொட்டு, போய்ப் பேசு, யாராவது வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இனியா போனாள்.

அவனுக்கு மீசை அடர்ந்திருந்தது. பயாலஜி சுலபமா என்று கேட்டான். சுலபம்தான் என்றாள். சித்தி வீட்டில் இடம் சின்னது, ஆனாலும் படிக்க முடிந்தது என்றான். சென்னையில் சேரப் போவதாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள். இந்த முகத்தைப் பார்த்தால் ஏதாவது திரும்பி வரும் என்று நின்று பார்த்தாள். வெயில் காலைச் சுட்டது.

"அப்ப வாரேன் இனியா."

"சரி."

அவன் போனதும் ப்ரியா ஓடி வந்து என்ன சொன்னான் என்று கேட்டாள். பயாலஜி சுலபமாம் என்று இனியா சொன்னாள். ப்ரியா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ரோடு என்றும் பாராமல் அழத் தொடங்கினாள். சுற்றிலும் பிள்ளைகள் இங்க் தெளித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் வந்தது. ப்ரியாவின் பையையும் இனியாவே தூக்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோர சீட்டை அவளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் வரும்வரை அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.