அழைக்கிறது

செம்பனைக் குலை ஏற்றப் போகும் லோரியில் ஷாமினியும் ஏறிக்கொண்டாள். சுவா ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் வண்டி திரும்பியதும் மடிக்கணினியைத் திறந்து, சோதனைப் போனை வயரால் இணைத்தாள். ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் புனிதன் ஓரக்கண்ணால் பார்த்தான்.

“சனிக்கிழமகூட ஒனக்கு லீவு இல்லயா?”

“திங்கக்கிழம சாப்ட்வேர் வெளிய போயிரும்ணே. அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.”

விற்பனைக்கு வரப்போகும் ஒரு கைப்பேசியின் இயங்குதளத்தைச் சோதிப்பது அவள் வேலை. திரையில் தெரியும் செயலிகளை அல்ல. எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து சிம்மோடும் கைப்பேசிக் கோபுரத்தோடும் பேசும் பகுதியை. போன மாதம் புனிதனோடு இந்தச் சாலையில் வந்தபோது அவசர அழைப்பைச் சோதித்தாள். ‘அழைக்கிறது’ என்று திரை சொன்னது. அழைப்போ போகவே இல்லை. உள்ளே நடந்ததைப் பதிந்து எடுப்பதற்குள் போன் தானாக அணைந்து எழுந்தது. ஆய்வகத்தில் எவ்வளவு முயன்றும் அந்தக் கோளாறு திரும்ப வரவில்லை. பொறியாளர்கள் புகாரை மூடினார்கள். அவள் திறந்தாள். மறுபடியும் மூடினார்கள்.

“ஒரே ஒரு தடவ வந்தத வச்சு ரிலீஸ நிறுத்த முடியாது, ஷாமினி. லேப்ல வரலயே,” என்றாள் குழுத்தலைவி நிரஞ்சனா.

“எஸ்டேட்டுல தலையில குலை விழுந்தவன் லேப்லேருந்தா கூப்பிடுவான், அக்கா?”

நிரஞ்சனா கோபித்துக்கொள்ளவில்லை. “ஆதாரம் கொண்டா லா. நான் பேசறேன்,” என்றாள்.

உண்மையான அவசர எண்ணைத் தொல்லை செய்ய முடியாது. அதனால் செனாவாங்கில் வீட்டில் இருக்கும் அண்ணி ரோகினியின் எண்ணை அவசர எண்ணாக நினைத்துக்கொள்ளும்படி போனைப் பழக்கியிருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் ரோகினி எடுத்தாள். முதலில் சிரித்துக்கொண்டே, “ஆம்புலன்ஸ் பேசுதுங்க,” என்றாள். பிறகு, “கொழம்பு தீயுது, சீக்கிரம் சொல்லு,” என்றாள். அதற்குப் பிறகு வெறும் “ம்” மட்டும்.

மத்தியானம்வரை எல்லா அழைப்புகளும் ஒழுங்காகப் போயின. ஷாமினி பதிவுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். தான்தான் தப்பாகப் பார்த்தோமோ? புனிதன் குலைகளை ஏற்றி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“போதுமா?”

“இன்னும் ஒரு வழி இருக்குல்ல, ஓடைப் பக்கம்?”

“அங்க லைனே வராதே.”

“அதுக்குத்தாண்ணே.”

அவன் வண்டியைத் திருப்பினான். ஓடைக்கு இறங்கும் சரிவில், மேட்டுக் கோபுரத்தின் சிக்னல் அறுந்து இன்னொன்றைப் போன் தேடிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் அவள் அழுத்தினாள். ‘அழைக்கிறது’. எஞ்சினை அணைக்கச் சொன்னாள். போனில் ஒரு சத்தமும் இல்லை. மடிக்கணினியில் மட்டும் பதிவு வரிகள் ஓடி, ஓரிடத்தில் நின்றன. அழைப்பு கிளம்பவே இல்லை; லைன் இல்லை என்று சொல்லாமல் திரை ‘அழைக்கிறது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது.

“பின்னால எடுங்கண்ணே. மறுபடியும் எறங்கலாம்.”

மறுபடியும் அதே. இன்னொரு முறையும் அதே. மேட்டுக்கு வந்ததும் தன் போனில் ரோகினியைக் கூப்பிட்டாள்.

“இப்ப எதாச்சும் கால் வந்துச்சா, அண்ணி?”

“ஒண்ணும் வரலயே. ஏன், என்ன ஆச்சு? ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?”

ரோகினியின் குரல் பதறியது. “நல்லாத்தான் இருக்கோம், அண்ணி,” என்றாள் ஷாமினி.

பதிவுகளை அனுப்பிவிட்டு நிரஞ்சனாவிடம் பேசினாள்.

“பாத்தேன். ஆனா அந்த எடத்து லைன்தான் மோசம்னு சொல்லிருவாங்க, ஷாமினி.”

“அப்ப நீங்களே வாங்க, அக்கா. வந்து அழுத்திப் பாருங்க.”

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. லோரிக்குப் பின்னால் நிரஞ்சனாவின் வெள்ளைக் கார் செம்மண் சேற்றில் வழுக்கி வழுக்கி வந்தது. சரிவுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து லோரியில் ஏறி உட்கார்ந்தாள். ஷாமினி போனை நீட்டினாள். வண்டி இறங்கியது. “இப்ப,” என்றதும் நிரஞ்சனா அழுத்திக் காதில் வைத்தாள்.

புனிதன் எஞ்சினை அணைத்தான். மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரையில் ‘அழைக்கிறது’; காதில் ஒரு சத்தமும் இல்லை. நிரஞ்சனா போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஆளில்லாத செம்பனை வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.