இரண்டாயிரம் முழம்

…போய் நின்றால் மட்டும் என்ன, எலியாசிப் எழுந்து உட்கார்ந்து, வா தங்கச்சி என்று பாயை விரிக்கப் போகிறானா என்ன, ஒலிவத் தோப்பைத் தாண்டி நடந்துகொண்டே கெத்தூராள் நினைத்தாள், பதினொரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அண்ணன், நேற்று மத்தியானம் ஆள் விட்டிருக்கிறான், மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லு என்று… வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தானா சாகக் கிடக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள், ஊர் எல்லைக்கு வெளியே இரண்டாயிரம் முழம்தான் கால் வைக்கலாம், அவன் வீடோ மூவாயிரத்து இருநூறு. நல்லவேளையாக வழி ஒன்று உண்டு, பொழுது சாய்வதற்குள் வழியில் ஓரிடத்தில் இரண்டு வேளை ரொட்டியை வைத்துவிட்டால் அந்த இடம்தான் அன்றைக்கு உன் வீடு, அங்கிருந்து இன்னொரு இரண்டாயிரம் நடக்கலாம். நேற்று சாயங்காலமே வந்து வைத்துவிட்டுப் போனாள், கிழக்கே அந்த ஒற்றை அத்திமரத்தில். வேதத்தில் எதற்குத்தான் முழம் இல்லை, நோவாவின் பேழைக்கு முந்நூறு, ஓக் ராஜாவின் இரும்புக் கட்டிலுக்கு ஒன்பது, கோலியாத்துக்கு ஆறும் ஒரு சாணும்… செத்துப்போன ராஜாவின் கட்டிலை மெனக்கெட்டு அளந்து எழுதியவர்கள், ஒரு அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் எத்தனை முழம் வரைக்கும் இருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

அப்படி என்னதான் சண்டை என்று கேட்டால் ஊரே சிரிக்கும், சிரித்தும் விட்டது. அவள் புருஷன் செத்த அன்று எலியாசிப் துக்கத்துக்கு அடையாளமாகச் சட்டையைக் கிழிக்கவில்லை, அவ்வளவுதான். கழுத்தடியில் ஒரு கையகலம், நாலு விரல் சேர்த்து வைத்தால் எவ்வளவு, அவ்வளவு துணி. கூட்டத்துக்கு நடுவே, “மச்சானுக்குக் கிழிக்கணும்னு சட்டம் இல்லம்மா” என்றான், சந்தையில் பூசணிக்காய் விலை சொல்வதுபோல. சட்டம் இல்லைதான், யார் இல்லை என்றது… அவள் புருஷனோடு ஒரே கிண்ணத்தில் பயற்றங்கூழ் தின்றவன், ஒரே ஏரைப் பிடித்தவன், ஒரு கையகலத் துணிக்கு அப்படி என்ன பஞ்சம்? அவன் மகள் கல்யாணத்துக்கு இவள் போகவில்லை, இவள் பேரனுக்கு விருத்தசேதனம் செய்த அன்று அவன் வரவில்லை, பதினொரு வருஷம் எப்படிப் போயிற்று, வெங்காயம் உரிப்பதுபோல ஒன்றுமில்லாமல்…

அத்திமரத்தடியில் அனானி நின்றிருந்தான். ஊர் எல்லையை ஐம்பது முழக் கயிறு பிடித்து அளக்கிறவன், ஓய்வுநாளில் கயிறு இல்லாவிட்டாலும் கண்ணாலேயே அளந்துகொண்டு திரிவான். கிளையில் தொங்கிய ரொட்டி மூட்டையை அண்ணாந்து பார்த்தான்.

“என்ன கெத்தூராளக்கா, ரொட்டி உனக்கா, குருவிக்கா?”

“கீழ வச்சா நரி தின்னுடும் தம்பி.”

“நரிக்குப் பயந்து இப்படிப் பண்ணிட்டியேக்கா. மரத்துல பத்துக் கையகலத்துக்கு மேல போனா செல்லாதே. உன் இடுப்புக்குக் கீழ இருந்திருக்கணும், நீ தலைக்கு மேலல்ல கட்டியிருக்கே.”

செல்லாது. ஆக நேற்று இராத்திரி இவள் வீடு இந்த மரமில்லை, பழைய வீடுதான். மரத்துக்குச் சற்று அப்பால் கிடந்த வெள்ளைப் பாறையோடு இவள் இரண்டாயிரம் முழம் முடிந்தது. ஓடைக்கு அப்பால் எலியாசிப்பின் கூரை தெரிந்தது, கூரையில் யாரோ உலர்த்தி எடுக்க மறந்த துணி… உயிர் இருக்கிறதா, போய்விட்டதா? ஓய்வுநாளில் ஒப்பாரியும் கிடையாது, சாவுக்கு ஊதும் குழலும் கிடையாது, செத்த வீடும் சாகாத வீடும் இங்கிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

“யாரு பாக்கப் போறா, நட அக்கான்னு சொல்ல ஆசைதான்” என்றான் அனானி, குரலை இறக்கி. “கயிறு பிடிச்ச கை, வாய் வர மாட்டேங்குது. ஆமா, நேத்து நீ இங்க வந்தப்போ பொழுது எவ்வளவு இருந்துச்சு?”

“மலைக்கு மேல ரெண்டு ஆள் உயரம் இருந்துச்சு.”

“அடப்பாவமே, அப்படியே நேரா நடந்திருந்தா இருட்டுறதுக்குள்ள அண்ணன் வீட்டுக்கே போயிருக்கலாமே! ரொட்டி எதுக்கு, சட்டம் எதுக்கு?”

“வீட்டுல விளக்கு ஏத்தணும்ல.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். விளக்கு… விளக்கை மருமகள் ஏற்ற மாட்டாளா, ஆறு வருஷமாக அவள்தானே ஏற்றுகிறாள்? கால் வலித்ததா, இல்லை. பிறகு ஏன் திரும்பினாள், கையெட்டும் தூரம், ஆட்டுக்குட்டிகூட ஓடிப்போய் வந்துவிடும்… பத்துக் கையகலக் கணக்கு அவளுக்குத் தெரியாதா, பால்பல் விழும் முன்பே தெரியுமே, அதைச் சொல்லிக் கொடுத்ததே எலியாசிப்தானே. இருக்கட்டும், மறதி, வயசு… ஆனால் செல்லாது என்று அனானி சொன்ன அந்த நொடி, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்ததுபோல நெஞ்சு லேசானதே, அதற்கு என்ன பெயர்…