சார்ட்ட சொல்லிருங்க

அய்யம்மாள் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

உள்ளங்கையில் சூடாக மூச்சு முட்டியது. அழகுத்தாய்க்குத் தொண்டை வரை வந்துவிட்ட ஓலம். அது வெளியே கிளம்பினால் தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிடும். மத்தியானத்துக்குள் ராஜபாளையம் முழுக்கத் தெரிந்துவிடும்.

“செத்த நேரம் பொறும்மா. போன் அடிக்கி.”

கட்டிலில் அப்பா சுயம்புலிங்கம் கிடந்தார். விடிந்ததும் காபி கேட்டவர், டம்ளர் வருவதற்குள் போய்விட்டார். அய்யம்மாள் மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தாள். கோயம்புத்தூர்த் தம்பிக்கு அர்ஜென்ட் கால் போட்டு, சன்னக் குரலில் விஷயத்தைச் சொல்லி வைத்தாள். வைத்த கையோடு மறுபடி மணி.

“கான்சாபுரம் கால்க்கா, பேசுங்க,” என்றாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஜெயபாய்.

பஞ்சாயத்துத் தலைவர் சோலைச்சாமிக்கு மூச்சு வாங்கியது. மலையடிவாரத்தில் தீ. காற்று ஊர்ப்பக்கம் திரும்புகிறது. மேற்கே குடிசைகள். சாரைக் கூப்பிடச் சொன்னார்.

“அப்பா படுத்திருக்காக. நான் சொல்லுதேன்.”

பொய் இல்லை. படுத்துத்தான் இருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, எண்பத்து மூன்று பங்குனியில், இதே அடிவாரத்தில் தீ. வண்டிகள் ஓடைக்கரையில் வந்து நின்றன. காடு ஒரு ஆபீஸ், ஓடை ஒரு ஆபீஸ், ரோடு இன்னொரு ஆபீஸ். யார் எல்லை என்று பேசி முடிப்பதற்குள் மாந்தோப்புக் காவல்காரர் தன் ஆடுகளோடு கரிந்துபோனார்.

துணைத் தாசில்தார் சுயம்புலிங்கம் அதற்கப்புறம் சும்மா இருக்கவில்லை. வனத்துறை, தீயணைப்பு, நகராட்சி, பஞ்சாயத்து என்று அத்தனை பேரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரவழைத்தார். அவர் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் பந்தி. ரேஞ்சருக்குப் பக்கத்து இலை பஞ்சாயத்துத் தலைவருக்கு. பரிமாறுவதும் அவர்களே, ஒருவருக்கொருவர். ரசம் ஊத்துன கையால எப்படிய்யா சண்டை போடுவீக என்று கேட்பார். இலையை எடுத்த பிறகுதான் பேச்சு. புகையைப் பார்த்தவன் கிளம்ப வேண்டியது, எல்லைத் தகராறு தீ அணைந்த பிறகு. அவரவர் வேலை முடிந்ததும் சாருக்குச் சொல்ல வேண்டியது. அவ்வளவுதான் திட்டம். அதற்கு ஒப்புக்கொள்ளவைக்க எத்தனையோ பந்தி ஆயிற்று.

நெஞ்சுவலியில் படுத்ததிலிருந்து அவருக்கு ஒரே புலம்பல். “நான் போயிட்டா பழையபடி எல்லைக்கல்லைத் தேட ஆரம்பிச்சிருவானுக, பாரு.”

இன்றைக்கு விஷயம் தெரிந்தால் பாதிப் பேர் மாலையோடு இங்கே வருவார்கள். மீதிப் பேர் ஓடைக்கரையில் நின்று மல்லுக்கட்டுவார்கள். கூடாது. தீ அணையும் வரைக்கும் அப்பா உயிரோடு இருந்தாக வேண்டும்.

அய்யம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் தீயணைப்பு நிலையத்துக்கு டிரங்க் கால் கேட்டாள். “லைன்லயே இருங்கக்கா,” என்ற ஜெயபாய் குரல் இறங்கியிருந்தது. இணைப்புக் கிடைக்கச் சற்றுத் தாமதமாயிற்று. பிறகு நிலைய அதிகாரி ஐயாதுரை வந்தார்.

“அப்பா சொல்லச் சொன்னாக. கான்சாபுரம் மேற்கே தீயாம்.”

எதிர்முனையில் வண்டி மணி அடித்தது.

“கிளம்பிட்டோம்மா. சார்ட்ட சொல்லிருங்க.”

அடுத்து வனத்துறை ரேஞ்சர் சங்கையா. அவரும் அதையே சொன்னார். நகராட்சிக்கும் சொன்னாள், தண்ணி லாரி கிளம்பியது.

வைத்துவிட்டு உள்ளே போனாள். எதற்குப் போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிலருகே நின்று, “வண்டி கிளம்பிருச்சுப்பா,” என்றாள். வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த அழகுத்தாய் மகளையே பார்த்தாள்.

அய்யம்மாள் போன் பக்கத்திலேயே காத்திருந்தாள். லாரி காட்டுக்குள் வரலாமா என்று கேட்பார்கள். யார் ஆள் முன்னால் போவது என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அப்பா குரலில் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

போன் வந்தது. காட்டு கேட்டைத் திறந்து லாரியை உள்ளே விட்டாயிற்று, சார்ட்ட சொல்லிருங்க. மறுபடி வந்தது. பஞ்சாயத்து ஆட்களும் வனத்துறை ஆட்களும் சேர்ந்து சருகை ஒதுக்கித் தீ தாண்டாதபடி கோடு போட்டாயிற்று, சார்ட்ட சொல்லிருங்க. ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே போய்ச் சொன்னாள்.

வெயில் சாயும்போது வத்திராயிருப்பிலிருந்து ஐயாதுரை பேசினார். அணைத்தாயிற்று. குடிசைகளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு கோழி கூடச் சாகவில்லை.

அய்யம்மாள் மூலைக்குப் போய், அம்மா வாயிலிருந்த முந்தானையை மெதுவாக உருவினாள்.

“இப்ப அழும்மா.”

பகல் முழுக்க அடைந்து கிடந்த குரல் கூரையைத் தூக்கியது. தெரு ஓடி வந்தது. அய்யம்மாளும் அப்போதுதான் அழுதாள்.

தம்பி வந்து இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் தெருமுனையில் சிவப்பு வண்டி நின்றது. பின்னாலேயே ஜீப், தண்ணி லாரி. கரி படிந்த முகங்கள். ஐயாதுரை கையில் பெரிய ரோஜா மாலை.

இவர்கள் யாருக்கும் இன்னும் சொல்லவே இல்லையே! அய்யம்மாள் மாலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“யாரு சொன்னா?”

“எக்ஸ்சேஞ்சம்மா. உங்க தம்பிக்குப் போட்ட காலையும் அவியதான கனெக்ட் பண்ணாவ. காலையில லைன் குடுக்கும்போதே எங்கிட்டயும் ரேஞ்சர்ட்டயும் சொல்லிட்டாவ.” ஐயாதுரை தொப்பியைக் கழற்றினார். “நாங்க உங்ககிட்ட ஒண்ணாச்சும் கேட்டமாம்மா? சொல்லத்தான செஞ்சோம்.”

அய்யம்மாள் வழிவிட்டாள். ரேஞ்சரும் சோலைச்சாமியும் மாலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து சுயம்புலிங்கம் நெஞ்சில் வைத்தார்கள். அதில் ஒட்டியிருந்த சாம்பலை அழகுத்தாய் தட்டிவிடவில்லை.