வாறம்

தாரகன் அண்ணா புறப்பட்ட ஜனவரிக் காலையில் என்னிடம் ஒரு கணக்குக் கொப்பியையும் மடித்த தாள் ஒன்றையும் தந்தான்.

“நீதானே வீட்டிலை நிக்கிறாய். பின்னேரம் ஆறு மணிக்கு மெசேஜ் வரும். வந்த நேரம், இடம், சொன்னது, எல்லாத்தையும் எழுதி வை. ஒரு நாள் வராட்டிப் பயப்பிடாதை. அடுத்த நாள் மத்தியானம் பன்ரண்டு மட்டும் வராட்டி, உந்தத் தாளிலை கிடக்கிற இலக்கத்துக்கு அடிக்க வேணும்.”

“நானோ?”

“அப்பாவைக் கொண்டு அடி. உன்னைத் தெரியாதே எனக்கு.”

நான் கிம்னாசியத்துக்கு, அதாவது இங்கத்தைய உயர்தரப் பள்ளிக்கு, போவதை நிறுத்தி அப்போது நாலு மாதம். வாய்மொழிப் பரீட்சை அறையின் வாசலோடு திரும்பி வந்தவள். வீட்டுத் தொலைபேசி அடித்தால் குளியலறைக்குள் போய்விடுவேன்.

அண்ணாவும் அவனோடு வேலை செய்யும் ஜெனுஷனும் பழைய லாண்ட் குரூசர் ஒன்றில் டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் வைலேயிலிருந்து மொரித்தானியா வரை தரைவழியாகப் போகத் திட்டம் போட்டு இரண்டு வருடம். அந்த நாட்டில் ஒவ்வொரு காவல் நிலையிலும் தங்கள் பெயர், கடவுச்சீட்டு, வாகன இலக்கம் எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். அதற்குப் பெயர் ஃபீஷ். வைலே நூலகத்தில் அறுபது பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

“பாலைவனத்திலை போய் ஆருக்கடா ஃபிஷ் குடுக்கப் போறியள்?” என்று அப்பா சிரித்தார். “அங்கை தண்ணியே இல்லை.”

அம்மா சிரிக்கவில்லை. வாசலில் அண்ணா சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, “சரி, போறன்” என்றான். அம்மா அவன் தோளில் ஒரு அடி போட்டார். “போறன் எண்டு சொல்லாதை எண்டு எத்தனை தரம் சொல்லுறது? வாறன் எண்டு சொல்லு.”

“வாறன், வாறன்” என்று சொல்லிக்கொண்டு போனான்.

அவர்களிடம் இருந்தது சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு செய்மதிக் கருவி. கைத்தொலைபேசி எடுபடாத இடத்திலிருந்தும் ஒரு வரி அனுப்பும். தமிழ் எழுத்து அதில் இல்லை. ஆங்கில எழுத்தில்தான் அண்ணா தமிழை எழுதினான். அனுப்பிய இடத்தின் புள்ளியும் என் தொலைபேசியில் விழும்.

பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய், பின்னேரம் ஆறு மணிக்கு வந்தது இது: “ஷிங்கெட்டி. வழிகாட்டி இல்லாமல் தெற்காலை போக வேண்டாம் எண்டு ஜொந்தாம் சொல்லுறார். காலமை யோசிப்பம்.” ஜொந்தாம் என்றால் அங்கத்தைய பொலிஸ்காரர்.

அண்ணா தந்த தாளை விரித்துப் பார்த்தேன். முதலாவது பாதை, ஷிங்கெட்டியிலிருந்து தெற்கே மணலுக்குள்ளால் திஜிக்ஜாவுக்கு மூன்று நாள். ரோட்டும் இல்லை, காவல் நிலையும் இல்லை. இரண்டாவது, வந்த வழியே அத்தார் என்ற பட்டினத்துக்குத் திரும்பி அங்கிருந்து தார் ரோட்டால் போவது. கீழே அண்ணாவின் கையெழுத்தில்: தண்ணீர் அறுபது லீற்றர், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து.

மறுநாள் காலை ஆறு இருபதுக்குத் தொலைபேசி அதிர்ந்தது. அம்மா முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் வாசித்துக் காட்டினேன். ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல்: vaaram. இடம், அதே ஷிங்கெட்டி.

அப்பா எட்டிப் பார்த்தார். “வாரமோ? இன்னும் ஒரு வாரம் ஆகுமெண்டு சொல்லுறானோ?”

“உங்களுக்கு விசரே? வாறமாம்! திரும்பி வாறாங்களாம்!” அம்மா தலை சீவிய சீப்போடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். “பொலிஸ் சொன்னதைக் கேட்டிருக்கிறாங்கள். என்ரை பிள்ளைக்குப் புத்தி இருக்கு.” உடனே பக்கத்துப் பட்டினமான பிரெடெரிசியாவுக்கு, ஜெனுஷனின் தாய் மேரிகிறேஸ் அன்ரிக்கு அடித்து, பெடியள் திரும்பிவிட்டார்கள் என்று சொன்னார். நானும் அப்படியே நம்பினேன்.

புதன் பின்னேரம் செய்தி வரவில்லை. அத்தாரில் ஒரு விடுதியில் நல்ல நித்திரை என்றார் அம்மா. வியாழன் காலையும் வரவில்லை. பன்னிரண்டு அடித்ததும் தாளை அப்பாவிடம் நீட்டினேன்.

கொப்பன்ஹேகனில் வெளிநாட்டு அமைச்சின் அவசர இலக்கத்தில் கீர்ஸ்டன் என்ற பெண் எடுத்தாள். அப்பா தொழிற்சாலை டேனிஷில் மெதுவாகச் சொன்னார்: இரண்டு பேர், வெள்ளை வாகனம், ஷிங்கெட்டியிலிருந்து அத்தாருக்குத் திரும்புகிறார்கள். எழுத்தில் செய்தி இருக்கிறது, நிச்சயம்.

இரண்டு மணிக்கு அவள் திருப்பி அழைத்தாள். அத்தார் வாசலில் இருக்கும் காவல் நிலையில் அவர்களுடைய ஃபீஷ் தாள் கொடுக்கப்படவில்லை. ஷிங்கெட்டியில் தங்கியிருந்த இடத்தில் விடிய முதலே எழும்பிப் போய்விட்டார்களாம், போன பக்கத்தை ஒருவரும் காணவில்லை. அங்கத்தைய பொலிஸும் அவர்கள் திரும்பிவிட்டதாகத்தான் நினைத்திருந்தது. இடையில் ஒரு மலைக் கணவாய் இருக்கிறது. வாகனம் அங்கே சரிந்திருக்கலாம். இருக்கிற இரண்டு ஜீப்பையும் அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மாவின் சத்தம் மேல்மாடிக்காரருக்கும் கேட்டிருக்கும்.

மேரிகிறேஸ் அன்ரி செபமாலையோடு வந்து இறங்கினார். கோட்டைக் கூடக் கழற்றவில்லை. “ராசமலர், உங்கடை பெடியன்தான் என்ரை பெடியனை இழுத்துக்கொண்டு போனவன். அவனுக்குப் பூங்காவிலை நடக்கவே பஞ்சி.”

“உங்கடை பெடியன் கைக்குழந்தையே இழுத்துக்கொண்டு போக?” என்றார் அம்மா.

இருவரும் பிறகு ஒரே சோபாவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

நான் அறைக்குள் போய்க் கொப்பியைத் திறந்தேன். ஒன்றும் செய்யத் தெரியாததால் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். பின்னேரச் செய்திகளைத்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். இடையிடையே காலையிலும் சில வந்திருந்தன. அவற்றை எழுதி வைத்ததோடு சரி.

ஜனவரி 19, 06.50, தாரிஃபா: வாறம். அன்றைக்கு அவர்கள் மொரோக்கோவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

ஜனவரி 27, 07.05, டாக்லா: வாறம். அன்றைக்கு எல்லையை நோக்கித் தெற்கே போனார்கள்.

பிப்ரவரி 2, 06.40, அத்தார்: வாறம். அன்றைக்கு ஷிங்கெட்டிக்கு.

அப்படி எழுதிய ஒரு நாளும் அவன் திரும்பி வந்ததில்லை. ஒவ்வொரு தரமும் வெளிக்கிடும்போது, அம்மா சொல்லிக் கொடுத்தபடி, வாசலில் சொல்வது போலச் சொல்லியிருக்கிறான்.

கொப்பியை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். “அப்பா, அண்ணா திரும்பேல்லை. போயிட்டு வாறம் எண்டுதான் சொல்லியிருக்கிறான். தெற்காலை போயிட்டாங்கள்.”

“சும்மா இரு பிள்ளை. இந்த நேரத்திலை...”

“எங்கை, காட்டு” என்று அம்மா எழும்பி வந்தார். மூன்று வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு மிகவும் மெதுவாக, “நான்தானே போறன் எண்டு சொல்ல விடாமல் வளர்த்தனான்” என்றார்.

மணி மூன்று. அங்கே இரண்டு. இரண்டு ஜீப்பும் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

அப்பா தொலைபேசியை எடுத்தார், இலக்கத்தை அழுத்தினார், பிறகு என்னைப் பார்த்தார். “இதை நான் என்னெண்டு டேனிஷிலை சொல்லுறது? வாறம் எண்டா போறம் எண்டு சொன்னா என்னை விசரன் எண்டெல்லோ நினைப்பினம். நீ கதை.”

“எனக்கு ஏலாது அப்பா.”

மறுமுனையில் கீர்ஸ்டன் ஹலோ, ஹலோ என்றாள். தொலைபேசி என் கையில் இருந்தது. என் பெயரைச் சொல்ல எடுத்த நேரத்துக்குள் அவள் வைத்துவிடுவாள் என்று பயந்தேன். வைக்கவில்லை.

“நாங்கள் பிழையாகச் சொல்லிவிட்டோம்” என்றேன். “அவர்கள் திரும்பவில்லை. தெற்கே போயிருக்கிறார்கள்.”

“வருகிறோம் என்று எழுதியிருப்பதாக உங்கள் அப்பா சொன்னாரே?”

“ஓம். எழுத்துப்படி அப்படித்தான். ஆனால் எங்கள் மொழியில் வீட்டை விட்டுப் போகிறவர் போகிறேன் என்று சொல்ல மாட்டார். அது கூடாது. வருகிறேன் என்றுதான் சொல்வார்.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பரீட்சை அறை வாசல் ஞாபகம் வந்தது. கொப்பியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்கள் ‘வி சேஸ்’ என்று சொல்வீர்களே” என்றேன். “சந்திப்போம் என்று. அப்படிச் சொல்லிவிட்டு ஆட்கள் கதவைத் திறந்து வெளியேதானே போகிறார்கள்?”

“ஓ” என்றாள் கீர்ஸ்டன். பிறகு வேகமாக, “முன்பும் அப்படி எழுதியிருக்கிறாரா? தேதியும் இடமும் சொல்லுங்கள்.”

நான் மூன்று வரியையும் வாசித்தேன். தெற்குப் பாதையில் அண்ணா தாளில் குறித்திருந்த கிணறுகளின் புள்ளிகளையும் வாசித்தேன். ஒவ்வோர் இலக்கத்தையும் அவள் திருப்பிச் சொல்லச் சொன்னாள். முடிந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்று ஒருவரும் சாப்பிடவில்லை. அண்ணாவின் கணக்குப்படி ஆறு நாளுக்குத் தண்ணீர். சொன்னபடி குடித்திருந்தால். பாத்திரம் உடையாமல் இருந்தால். நான் கழித்துக் கழித்துப் பார்த்தேன்.

வெள்ளி காலை பதினொன்று இருபதுக்குத் தெரியாத நீண்ட இலக்கம் ஒன்று அடித்தது. நான் குளியலறைக்குப் போகவில்லை. எடுத்தேன்.

“சாரங்கி” என்றான் அண்ணா. தொண்டை காய்ந்த குரல். “வாகனத்தின்ரை வில்லுத்தகடு முறிஞ்சு போச்சு. ரேடியேட்டரும் ஓட்டை. இருந்த தண்ணியை அதுக்குள்ளையும் ஊத்தினம். கருவி சில்லுக்குக் கீழை நசுங்கிட்டுது. பொலிஸும் ஒரு வழிகாட்டியும் இப்பத்தான் வந்தவை. ஏழு லீற்றர் மிச்சம்.”

“ஜெனுஷன் அண்ணா?”

“இருக்கிறான். பொலிஸிட்டை ஃபீஷ் குடுக்கிறான்.”

மேரிகிறேஸ் அன்ரி தொலைபேசியைப் பறித்து அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். அம்மா அதை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

“அம்மா, இது பொலிஸின்ரை போன், வைக்க வேணும். சரி, வாறம்.”

“பொறு, வையாதை” என்றார் அம்மா. “எந்தப் பக்கம்?”

“என்னம்மா?”

“எந்தப் பக்கம் வாறாய் எண்டு சொல்லிப்போட்டு வை.”

அவர் என்னைப் பார்த்துக் கையால் எழுதுவது போலக் காட்டினார். நான் கொப்பியை எடுத்தேன்.