பேபியின் கிரீன் டீ

என் நாத்தனார் பேபிக்குத் தெரியாத வைத்தியமே கிடையாது. படித்ததெல்லாம் போனில். அவளிடம் மாட்டிய நோயாளி என் புருஷன் துலுக்கானம்.

அவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். வாரம் ஒரு ஊசி, வயிற்றில். போட்டுக்கொண்டு திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் வாந்தி, பேதி. வாளியும் துணியுமாக நான் படாத பாடு பட்டேன். அதைப் பார்த்த பேபி, ஊசி போடும் நாளெல்லாம் பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வந்தாள், பிளாஸ்க் நிறைய கிரீன் டீயோடு.

வாந்தி நின்றது. அவர் கருவாட்டுக் குழம்பு கேட்டார். அதற்கப்புறம் பேபியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"பாத்தியா அண்ணி? டாக்டரு முழிச்சிகினு கீறாரு, நான் சரி பண்ட்டேன்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மனுஷன் சாப்பிடுகிறாரே என்று பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், குறைந்துகொண்டிருந்த நோய் மறுபடி ஏறியிருந்தது. வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். பேபி பெருமையாகப் பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"செல்லுக்குள்ள வேண்டாத புரதத்தை வெட்டித் தள்ற என்சைம் இருக்கும்மா, குப்பை வண்டி மாதிரி. கேன்சர் செல்லுல குப்பை ஜாஸ்தி. இந்த ஊசி அந்த வண்டியை நிறுத்திடும். குப்பை சேர்ந்து அந்த செல் சாகும். கிரீன் டீ இந்த மருந்தையே கட்டிப்போட்டுடும்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. மருந்து வேலை செய்யலைன்னா வாந்தி எப்படி வரும்?"

வெளியே வந்ததும் பேபி மூக்கைச் சிந்தினாள். "நல்லதுக்குத்தானே அண்ணி குட்த்தேன்."

"உன் நல்லதும் நீயும்! வாயத் தொறக்காம வா!" என்று கத்தினேன். இத்தனை நாள் அவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷப்பட்டதை நினைக்க வயிறு எரிந்தது.

அடுத்த ஊசிக்குப் பேபி வெறுங்கையோடு வந்தாள். வீடு திரும்பியதும் இருவரும் அவர் எதிரே உட்கார்ந்துவிட்டோம்.

"இன்னாத்துக்கு என் மூஞ்சியவே பாத்துகினு கீறீங்க?" என்று எரிந்து விழுந்தார். நாங்கள் நகரவில்லை. காபி குடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

"வந்துட்சி அண்ணி!" என்று பேபி அழுதாள்.

நான் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தார். அப்பாடா என்றிருந்தது.

"அழுதுகினே நிக்காத, வாளிய எட்தா," என்றேன்.