உடையாத கண்ணாடிச் சில்லு

மூன்று நாள் மழை விட்டதும், மலையடித் தெருக்காரர்கள் வீடு திரும்பலாமா என்று எஞ்சினியரைக் கேட்டார்கள். அவருடைய தங்கையின் புருஷன், கொத்தனார், தெருவுக்கு மேலே மலைச்சரிவைப் பிடித்து நிற்கும் தாங்குசுவரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். விரிசலின் குறுக்கே சிமெண்ட் வைத்து ஒட்டிய கண்ணாடிச் சில்லு முழுசாக இருந்தது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அது உடைந்துவிடும். ஒட்டுவதே அதற்குத்தான். “தாராளமா போங்க” என்று சொல்லிவிட்டார். தங்கை வீடும் அங்கேதான். அப்புறம் மனசு கேட்கவில்லை. காலையில் மாப்பிள்ளையோடு மலையேறினார்.

படிக்கட்டில் இரண்டு படிகளுக்கு நடுவே கை நுழையும் இடைவெளி.

“அது பழசு மச்சான்.”

மேலே தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் தெரிந்தது.

“மூச்சு வாங்குதுல்ல, உங்களுக்குத் தலை சுத்துது” என்று சிரித்தான்.

எஞ்சினியருக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை மழைக்கும் வடிகால் காய்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கே போய்த் தொலைந்தது?

பின்னால் தேங்கும் நீரை வெளியே விடும் தாங்குசுவரின் கசிவுக் குழாய்களில் சேறு வடிந்தது. கண்ணாடி மட்டும் முழுசு. சுற்றியிருந்த சிமெண்டில் நகத்தை வைத்தார். உள்ளே இறங்கியது.

“எப்ப ஒட்டினே?”

“நேத்துதான். உடைஞ்சிருந்துச்சு. பார்த்தா வேலை சுத்தமில்லேன்னு திட்டுவீங்களே, மாத்திட்டுப் படம் எடுத்தேன்.”

“இதுக்கு முன்னாடி?”

“இந்த மழைக்கு மூணு. போன மாசம் ரெண்டு. ஒண்ணையும் உடைஞ்சபடி விட்டதில்ல மச்சான்!” அவன் முகத்தில் அத்தனை பெருமை.

அடப்பாவி! ஆனால் யாரைத் திட்டுவது? ஒட்டச் சொன்ன மகராசன், அவரேதான், எதற்கென்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. தங்கைக்குப் போன் போட்டார்.

“எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே ஓடு! சுவர் சரியுது!”

“என்னண்ணா சொல்றே? இப்பத்தான் சாமான் இறக்குனோம். அடுத்த வீட்டம்மா வரவே மாட்டேன்னாங்க. எங்கண்ணன் சொல்லியாச்சுன்னு நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.”

சுவருக்குள் ஏதோ முனகியது. மாப்பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று. பெண்டாட்டி பேரைச் சொல்லி அலறிக்கொண்டு, சுவரடியிலேயே போகும் குறுக்குவழியில் இறங்கி ஓடினான்.

“அந்தப் பக்கம் வேண்டாம்டா!” நெஞ்சு வெடிக்கக் கத்தினார். அவன் திரும்பவில்லை.

போனில் தங்கை தெருவைக் கூவி எழுப்புவது கேட்டது. கதவுகள் படாரென்று அடித்துக்கொண்டன. மூச்சிரைக்க மறுபடி பேசினாள்.

“கிளம்பிட்டோம்ணா. எல்லாரும் வந்துட்டாங்க. நீ அவரை மட்டும் கீழே விட்டுடாதே.”