பத்தடிப் பட்டையில் நிற்கும் கோல்

சர்வேயர் கடைசியாகச் சொன்ன வார்த்தை "கொஞ்சம் இடப்பக்கம்" என்பது. அவர் மனைவி அளவுகோலை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி, நேராக நிறுத்திக் காத்திருந்தார். அந்தக் கோல் பதினொரு வருடங்களாக அதே இடத்தில், யாரும் பிடிக்காமல், மண்ணில் ஊன்றப்படாமல், நேராக நின்றுகொண்டிருக்கிறது. உயரம் நான்கு மீட்டர். அலுமினியம். சிவப்பிலும் கறுப்பிலும் எண்கள். காற்றுக்கு ஆடுவதில்லை. காக்கை வந்து உட்கார்ந்தால் காக்கைதான் ஆடுகிறது.

இருபத்திரண்டு வருடம் அவர்கள் இருவரும் சேர்ந்தே நிலம் அளந்தார்கள். அவர் ஒரு கோடியில் முக்காலி மேல் கருவியை வைத்து அதன் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணைப் பொருத்திக்கொள்வார். மனைவி மறு கோடியில் கோலைப் பிடித்து நிற்பார். அவர் கோலில் தெரியும் எண்ணைப் படித்து, நோட்டில் எழுதி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவார். கை உயர்ந்தால்தான் கோல் நகரலாம். எறும்பு கடித்தாலும், மழை தூறினாலும், தெரிந்தவர்கள் கூப்பிட்டாலும், காலையில் இரண்டு பேரும் சண்டை போட்டுப் பேச்சு நின்றிருந்தாலும் இந்தச் சட்டம் மாறாது. சில நாள் அந்தக் கை மட்டுமே அவர்களுக்குள் நடந்த பேச்சு. வெயிலில் கோலோடு கோலாக நிற்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் அவருக்குக் கோல்காரம்மா என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அன்று அவர்கள் அளந்தது, தங்கள் தெருவுக்கு மேட்டில் ஒன்பது மாடிக் குடியிருப்பு எழும்பவிருந்த மனையை. அந்த மனையின் மேற்கு ஓரத்தில் பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டை ஓடியது. மேட்டில் பெய்கிற மழையெல்லாம் அந்தப் பட்டை வழியாகத்தான் பள்ளத்துக் கால்வாய்க்கு இறங்கும். கீழ்த்தெருவின் குடிநீர்க் குழாயும் மின்சார கேபிளும் அதற்கடியில்தான் போயின. மண் கம்பெனிக்குச் சொந்தம். வழி தண்ணீருக்குச் சொந்தம். அதன்மேல் புல் முளைக்கலாம், பூனை படுக்கலாம், யாரும் எதுவும் கட்டக்கூடாது. இதை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு எழுதிக் கொடுப்பதுதான் சர்வேயரின் வேலை. பட்டையில் எடுக்க வேண்டிய நாற்பது அளவுகளில் முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. நாற்பதாவதுக்குத்தான் அவர் இடப்பக்கம் நகரச் சொன்னார், குனிந்தார், கையைத் தூக்கவில்லை.

கோல்காரம்மா இருபது நிமிடம் நின்றார். தூரத்திலிருந்து பார்க்கச் சர்வேயர் கண்ணாடியில் கண் வைத்திருப்பதாகவே தெரிந்தது. கல் சுமந்துகொண்டிருந்த ஒருத்திதான் பார்த்துவிட்டு, "அம்மா, ஐயா நின்னுக்கிட்டே தூங்குறாரு!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கோல்காரம்மா கோலை விட்டுவிட்டு ஓடினார். கோல் விழவில்லை. அன்று அதை யாரும் கவனிக்கவில்லை. விழுந்த பொருளைத்தான் உலகம் கவனிக்கும். முக்காலியில் சாய்ந்திருந்த அவர் கையில் நோட்டு திறந்திருந்தது. நாற்பதாவது வரியில் ஒன்று என்ற எண்ணும், அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் மட்டும் இருந்தன.

குனிந்தபோதே உயிர் போயிருக்கும், ஓடி வந்திருந்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். தெரு வேறு மாதிரி சொன்னது. "அங்க புருஷன் போய்ச் சேர்ந்துட்டான், இங்க இவ கொடிக்கம்பம் மாதிரி நின்னாளாம்" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். கோல்காரம்மா குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு, பேசியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்த இருபது நிமிடத்தை அவர் தினமும் ஒருமுறை முழுதாக நின்று முடித்தார். சமையலறையில், அடுப்பை அணைத்துவிட்டு, கையில் எதுவும் இல்லாமல்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனி என்ஜினியர் வீட்டுக்கு வந்தார். துணைக்குச் சர்வேயரின் தம்பியையும் கூட்டி வந்திருந்தார். கம்பெனிக்கு அந்தப் பத்தடி தேவைப்பட்டது; தரைக்கடியில் கார் இறங்கும் சாய்வுப் பாதையை அங்கே திருப்பினால்தான் வளைவு சரியாக வரும். சர்வேயரின் அளவு முடியவில்லை என்று, கோல் பிடித்தவர் என்ற முறையில் கோல்காரம்மா எழுதிக் கொடுத்துவிட்டால், பழைய வரைபடம் செல்லாது. பட்டையைக் கிழக்கே தள்ளிவிடலாம்.

"அண்ணி, ஒரே ஒரு கையெழுத்து" என்றார் கொழுந்தன். "பொய்யா எழுதச் சொல்றோம்? நோட்டுல ஒண்ணு, புள்ளி, அவ்ளோதானே இருக்கு?"

"அளவு முடியலைன்னு யார் சொன்னது?"

"அண்ணன்தான் போயிட்டாரே!"

"அவர் போயிட்டார். கைய இன்னும் தூக்கலை. தூக்குற வரைக்கும் அளவு நடக்குதுன்னு அர்த்தம். இது உங்கண்ணன் போட்ட சட்டம், நான் போட்டது இல்ல."

என்ஜினியர் நாற்காலி நுனிக்கு வந்தார். "அம்மா, யதார்த்தமா பாருங்க. புல்லு முளைச்சுக் கிடக்கிற பத்தடிம்மா அது."

"தம்பி, அந்தப் பத்தடிதான் எங்க தெருவுல முப்பத்திநாலு வீட்டுக்கும் காவல். அதை அடைச்சா தண்ணி எங்க வாசல் வழியா உள்ள வரும். செருப்பக்கூடக் கழட்டாது."

"கிழக்கால புதுக் குழாய் போடுறோமே! பத்து சென்டிமீட்டர் சரிவு வெச்சிருக்கோம். உங்க வாசப்படிய நூறுன்னு வெச்சுத்தான் மனையை அளந்தோம். சாரோட வரைபடத்துலயே அப்படித்தானே இருக்கு?"

கோல்காரம்மாவுக்கு, கணவர் போன பிறகு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "தம்பி, உங்க நூறு கொல்லைப்பக்கம் கிடக்கு. நான் அதுல துணி துவைக்கிறேன்" என்றார்.

விஷயம் உண்மைதான். அந்தப் பகுதியில் எந்த மனையை அளந்தாலும் சர்வேயர் தன் வீட்டு வாசற்படியின் மேல்கல்லை நூறு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டே தொடங்குவார். இறப்பதற்கு மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு முழங்கால் வலி வந்து படி ஏற முடியாமல் போனபோது, பதினைந்து சென்டிமீட்டர் கனமுள்ள அந்தக் கல்லைப் பெயர்த்துக் கொல்லையில் துவைகல்லாகப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அளவிலும் பதினைந்தை மனத்துக்குள் கழித்துக்கொண்டார். வரைபடத்தில் வாசற்படி நூறு என்றிருந்ததைத் திருத்தவில்லை. மனைவியிடம் சொல்லியிருந்ததால், எழுதி வைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். ஆக என்ஜினியர் குழாய்க்கு வைத்த பத்து சென்டிமீட்டர் சரிவு, உண்மையில் ஐந்து சென்டிமீட்டர் ஏற்றம். அதில் தண்ணீரை விட்டால் வந்த வழியே திரும்பும். கோல்காரம்மா இதை விரல் மடக்கிச் சொன்னார். என்ஜினியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "பாவம், அதிர்ச்சியில பேசுறாங்க" என்று வாசலில் கொழுந்தனிடம் சொன்னது உள்ளே கேட்டது.

கையெழுத்து கிடைக்காமலே கம்பெனி வேலையைத் தொடங்கியது. அப்போதுதான் கோல் இடைஞ்சலாக நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். முதலில் ஒரு ஆள் இழுத்தான், பிறகு ஆறு பேர், அதன்பின் கயிறு கட்டிக் கிரேன். கயிறு அறுந்தது, கிரேன் ஓட்டுநர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு மறுநாள்தான் வந்தார். சுற்றிலும் மண் கொட்டினார்கள். கோலின் காலடியில் மட்டும் மண் ஒதுங்கி, தட்டு அகலத்துக்குப் பழைய தரை தெரிந்தது. முக்காலியின் மூன்று கால் குழிகளும் அப்படியே மூடாமல் கிடந்தன. கடைசியில், மரத்தை விட்டு வீடு கட்டுவதுபோல, கோலை விட்டுவிட்டுப் பட்டையின் குறுக்கே சாய்வுப் பாதையின் சுவரை எழுப்பினார்கள். கொழுந்தன் மறுபடி வந்தார். "அண்ணி, நீங்க விடுங்க, அதுவும் விழுந்துரும்" என்றார். "நான் அன்னிக்கே விட்டுட்டேன். இப்ப அதைப் புடிச்சிருக்கிறது நான் இல்ல" என்றார் கோல்காரம்மா. பக்கத்து வீட்டுத் தையற்காரி மட்டும் அந்த வாரத்திலிருந்து அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

மறுவருடம் மழை மூன்று நாள் பெய்தது. முதல் நாள் கிழக்குக் குழாய் கோல்காரம்மா சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது: தண்ணீரை வாங்கி, யோசித்து, திருப்பி அனுப்பியது. தரைக்கடிக் கார் தளம் நிரம்பியது. கீழ்த்தெருவில் பரணில் சாமான் ஏற்றினார்கள். சர்வேயர் மனைவி கையெழுத்துப் போடாததால்தான் கம்பெனி கோபத்தில் மோசமாகக் கட்டிவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னார். இரண்டாம் நாள் காலை எட்டரை மணிக்கு மேட்டுத் தண்ணீர் பட்டையை நோக்கித் திரும்பியது. சுவர் இருந்த இடத்தில் சற்று நின்றது. பிறகு எழுந்து நடந்தது.

பத்தடி அகலம், மார்பளவு உயரம். இரண்டு பக்கமும் கரை இல்லை, வெட்டிய சோப்புக் கட்டிபோல விளிம்பு. சுவரை உடைக்கவில்லை, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது, சுவரில் ஈரம்கூடப் படவில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் வாளியும், யாருடையதோ ஒற்றைச் செருப்பும், ஆகாயத்தாமரையும் வரிசையாகப் போய்க் கால்வாயில் இறங்கின. பட்டைக்கு வெளியே ஒரு அங்குலத்தில் தையற்காரி குடை பிடித்து நின்றாள். மழையில் நனைந்தாளே தவிர வெள்ளத்தில் நனையவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தவர்கள் சில்லென்றிருந்தது என்றார்கள். முப்பத்திநாலு வீட்டுக்குள்ளும் ஒரு சொட்டு நுழையவில்லை. பரணிலிருந்து சாமானை இறக்கியதில் இரண்டு டம்ளர் நசுங்கியது, அந்த வெள்ளத்தில் தெருவுக்கு ஏற்பட்ட சேதம் அவ்வளவே.

கோல்காரம்மா புடவையைச் செருகிக்கொண்டு கோலருகே போனார். தண்ணீரின் மேல்மட்டம் அலையில்லாமல் கோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் கோலின் பின்பக்கம் நின்றவர், அன்றுதான் முன்பக்கம் வந்து எண்ணைப் படித்தார். ஒன்று, புள்ளி, மூன்று எட்டு ஐந்து.

நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நேராகத் திட்ட அனுமதி ஆபீஸுக்குப் போனார். அங்கே அதிகாரி, நோட்டைப் புரட்டி, "நாற்பதாவது அளவு எடுத்தது யாரும்மா?" என்று கேட்டார்.

"தண்ணி."

"தண்ணியெல்லாம் லைசென்ஸ் வாங்கலையேம்மா."

"வந்து நீங்களே பாருங்க சார். நாளைக்கும் நிக்கும். ஆனா உங்க வரவுக்காக அது காத்திருக்காது, மழை விட்டா இறங்கிப் போயிடும்."

அதிகாரி குடையோடும் ஆபீஸ் கருவியோடும் வந்தார். முக்காலியின் கால்களை எங்கே வைப்பதென்று தேட வேண்டியிருக்கவில்லை; சாய்வுப் பாதையின் ஓரத்தில் மூன்று குழிகள் இருந்தன. கண்ணாடியில் கண் வைத்தார். ஒன்று புள்ளி மூன்று எட்டு ஐந்து. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வாசற்படிக்கும் வந்து அளந்தார். கொல்லையில் ஈரத்துணியை நகர்த்தி, கல்லின் கனத்தையும் அளந்தார். பதினைந்து. வரைபடத்தில் முத்திரை வைத்தார். சுவரை இடிக்கக் கம்பெனிக்கு உத்தரவு போனது. இடிக்கப்பட்ட அன்று என்ஜினியர் கோல்காரம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி, அடுத்த தடவை கல்லைத் தொட்டுப் பார்த்துட்டு அளங்க" என்று மட்டும் கோல்காரம்மா சொன்னார். இப்போது அந்த என்ஜினியர் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் குனிந்து கல்லைத் தட்டிப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள்.

ஒன்பது மாடியும் எழும்பியது, ஜனம் குடிவந்தது. கார்கள் வேறு பக்கமாக, கொஞ்சம் சிரமப்பட்டு வளைந்து இறங்குகின்றன. ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் எழுந்து, நடந்து, கால்வாயில் இறங்குகிறது. அது போகும்வரை இரண்டு பக்கமும் ஆட்கள் ரயில்வே கேட்டில் நிற்பதுபோல நிற்கிறார்கள். பால்காரர் பாக்கெட்டுகளைத் தலைக்கு மேல் எறிய, எதிர்ப்பக்கம் வாட்ச்மேன் பிடிக்கிறார். புதிதாக வாடகைக்கு வருகிறவர்கள் முதல் மழையில் கத்துகிறார்கள், இரண்டாவது மழையில் போட்டோ எடுக்கிறார்கள், மூன்றாவது மழையில் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். அளவு முடிந்துவிட்டதே, கோல் ஏன் இன்னும் நிற்கிறது என்று அதிகாரி ஒருமுறை கேட்டார். முத்திரை வைத்தது நீங்கள், கையைத் தூக்க வேண்டியவர் அவர் என்று கோல்காரம்மா பதில் சொன்னார். கொழுந்தன் இப்போது வருடத்துக்கொருமுறை வந்து கோலின் எண்களுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறார்; யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

நோட்டு சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீர் எடுத்த அளவைக் கோல்காரம்மா நாற்பதாவது வரியில் எழுதவில்லை. அதற்குக் கீழே, புது வரியில், தன் கையெழுத்தில் முழுதாக எழுதியிருக்கிறார். நாற்பதாவது வரியில் ஒன்று என்ற எண்ணும், அதற்குப் பக்கத்தில் பென்சில் கொஞ்சம் அழுந்தி வைத்த புள்ளியும் அப்படியே இருக்கின்றன.